ரிலீவர் வரும்வரை

மந்தாரக்குப்பத்தில் நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் பதினொரு கட்டில்கள். பெயர்தான் முதியோர் இல்லம். எழுந்து நடமாடுகிற முதியவர் ஒருவர்கூட அங்கே கிடையாது. பக்கவாதம், இடுப்பு முறிவு, மறதி என்று படுக்கையில் விழுந்தவர்களை மட்டும்தான் சேர்ப்பார்கள். பெரும்பாலும் நெய்வேலி டவுன்ஷிப்பில் குடியிருந்து, நிலக்கரி கம்பெனியில் முப்பது வருடம் பெர்மனென்ட்டாக வேலை பார்த்துவிட்டு, ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தவர்கள். அல்லது அவர்களுடைய மனைவிமார். பிள்ளைகள் எங்கெங்கோ இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்து, "அப்பா நல்லா இருக்காரா?" என்று அப்பாவிடம் கேட்காமல் எங்களிடம் கேட்பார்கள்.

நானும் டவுன்ஷிப்பில் பிறந்தவள்தான். அப்பா பெர்மனென்ட். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை உண்டு. அது செய்த வேலையைப் பின்னால் சொல்கிறேன். கல்யாணமாகி, ஆகாதது மாதிரியே திரும்பி வந்தவள் நான். அப்பா ரிட்டையர் ஆனார், குவார்ட்டர்ஸ் போயிற்று, மந்தாரக்குப்பத்தில் ஒரு வாடகை போர்ஷனுக்கு வந்தோம், அங்கே அப்பாவும் போனார். நர்சிங் அசிஸ்டென்ட் என்று ஒரு வருடம் படித்த சர்ட்டிபிகேட் கையில் இருந்தது. அதைக் காட்டித்தான் இந்த இல்லத்தில் சேர்ந்தேன். சர்ட்டிபிகேட்டில் என்ன போட்டிருந்தாலும் கட்டிலில் இருந்து வருகிற குரல் "ஆயா" என்றுதான் கூப்பிடும். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. முதல் வாரம் முழுக்க அந்தச் சொல்லுக்கு நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வேலை இதுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். டயபர் மாற்ற வேண்டும், மூத்திரப் பையைக் காலி செய்ய வேண்டும், கஞ்சி ஊட்ட வேண்டும், ஊட்டினது தொண்டையில் இறங்கியதா என்று பார்க்க வேண்டும். கடைசி ஆளைப் புரட்டி முடிக்கும்போது முதல் ஆளுக்கு மறுபடி நேரம் வந்திருக்கும். வீட்டுக்கு வந்து எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் அந்த வாடை இருக்கும். சோற்றில் கை வைக்கும்போதுதான் தெரியும். நான் ஸ்பூனில் சாப்பிடப் பழகி ஏழு வருடமாகிறது.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் நிற்பதில்லை. ஒருத்தி துணிக்கடைக்குப் போனாள். நாள் முழுக்க நிற்க வேண்டுமாம், உட்கார்ந்தால் திட்டுவார்களாம், இருந்தாலும் அதுவே தேவலை என்று போனில் சொன்னாள். இன்னொருத்திக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, "பொண்ணு என்ன வேலை பாக்குது?" என்ற கேள்விக்கு வீட்டில் பதில் சொல்ல முடியாமல் நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். அந்த டப்பா இன்னமும் சமையலறையில் இருக்கிறது. இல்லத்தை நடத்துகிற மேடம் ஒவ்வொரு தடவையும் ஒரே வசனம்தான் சொல்வார். "இது வேலை இல்லம்மா, சேவை. மனசு இருக்கிறவங்கதான் நிப்பாங்க." நின்றவள் நான். எனக்கு மனசு இருந்ததால் நிற்கவில்லை, போக இடம் இல்லாததால் நின்றேன். மேடத்திடம் இதைச் சொன்னதில்லை.

கட்டில்களில் ஒன்பதாவது ஒரு பெரியவருடையது. பவர் ஹவுசில், பாய்லரைக் கவனிக்கிற பேனலுக்கு முன்னால் உட்கார்ந்து காலம் முழுக்க வேலை பார்த்தவர். இடது பக்கம் செத்துப்போய், பாதி நினைவும் போய் எங்களிடம் வந்தார். வலது கையில் மட்டும் பிடி அப்படியே இருந்தது. எங்களுக்குக் காலை ஏழு முதல் இரவு ஏழு வரை ஒரு ஷிப்ட், இரவு ஏழு முதல் காலை ஏழு வரை ஒரு ஷிப்ட். ஏழு மணிக்கு நாங்கள் கிளம்பும்போது அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ரிலீவர் வந்தாச்சா?" என்பார். வந்தாச்சு என்று பொய் சொன்னால் பிடி தளராது. ஆளைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

எனக்கு அது புரிந்தது. என் அப்பாவும் அப்படித்தான். பேனலைத் தனியாக விட்டுவிட்டு எழுந்து வரக் கூடாது. உன்னை மாற்றிவிட ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் நீ எழுந்திருக்கலாம். ஆள் வரவில்லையென்றால் அடுத்த ஷிப்டும் உன்னுடையதுதான். அப்பா நேரத்துக்கு வராத நாட்களில் அம்மா வாசலைப் பார்த்துவிட்டு, "ரிலீவர் வரல போல" என்று குழம்பை மூடி வைப்பாள். எங்கள் பிளாக்கில் எல்லா வீட்டிலும் அந்த வாக்கியம் கேட்கும்.

ஆகவே நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். கிளம்புகிறவள் பெரியவரின் வலது கையை எடுத்து, வந்தவளின் கையில் வைப்பாள். "சார், ரிலீவர் வந்தாச்சு" என்பாள். அவர் புதுக் கையை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுப் பழைய ஆளை விடுவார். கொஞ்ச நாளில் நாலாவது கட்டில் அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தானும் கையை நீட்டினார். பிறகு எல்லோருக்கும் அப்படியே ஆயிற்று. பதினொரு கைகளையும் எடுத்து எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவோம்.

மேடம் இதை ஒரு நாள் பார்த்துக் கண் கலங்கினார். போட்டோ எடுத்துக் குடும்பத்தார் குரூப்பில் போட்டார். அடுத்த மாதமே அது சட்டமாகிவிட்டது: ரிலீவர் வராமல் யாரும் வெளியே போகக் கூடாது. நாங்கள் அன்பாகச் செய்ததை எங்கள் காலுக்கே விலங்காக மாட்டினார் மகராசி. நான்கு பேர் இருந்த இடத்தில் ஒருத்தி வேலையை விட்டாள், பிறகு இன்னொருத்தி. புது ஆள் தேட மேடத்துக்கு என்ன அவசரம்? உள்ளே இருப்பவள்தான் போகமாட்டாளே. கடைசியில் பகலுக்கு நான், இரவுக்கு வேறொருத்தி என்று இரண்டே பேர் மிஞ்சினோம்.

அவள் குள்ளஞ்சாவடிப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். நிலமில்லாத வீடு, தாயும் தகப்பனும் அடுத்தவர் வயலில் நட்டுக் களை எடுத்தவர்கள். கணவன் பெயிண்டிங் வேலைக்கு ஊர் ஊராகப் போவான். ஒரே மகள். இந்த வேலைக்கென்றே பிறந்தவள் மாதிரி இருப்பாள் என்று எழுத வந்துவிட்டேன், தப்பு. எவளும் இதற்கென்று பிறப்பதில்லை. ஆனால் நான் ஊட்டினால் பாதிக் கஞ்சி பனியனில் வழியும். அவள் ஊட்டினால் வழியாது. "என்னா சார், பாய்லரு எரியுதா?" என்று கேட்டு, பெரியவர் "லோடு ஏறிக்கிட்டிருக்கு" என்று வாயைத் திறக்கும் நேரத்தில் ஸ்பூனை உள்ளே விட்டுவிடுவாள்.

ஒரு தடவை ஏதோ காலேஜிலிருந்து இரண்டு பெண்கள் படிவத்தோடு வந்தார்கள். பணியில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்ல வேண்டும். மேடம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஐந்து என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். "என்னை மாத்தி வுட ஆளு டயத்துக்கு வந்துட்டா திருப்திதாங்க" என்றாள். அது எந்த எண் என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். "நீங்களே பாத்து போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாள்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு பேருமாக விரிப்பு மாற்றும்போது அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ஒரு கான்ட்ராக்டர் பிளான்ட்டுக்குள்ளே கூட்டிப் பெருக்குகிற வேலைக்குப் பெண்களை எடுக்கிறாராம். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவர் ஆபீசில் ஒரிஜினல்களோடு நிற்க வேண்டும். முதலில் வருகிறவர்களுக்கு போட்டோ எடுத்து, பிளான்ட்டுக்குள் நுழைவதற்கான கேட் பாஸுக்கு எழுதிக்கொள்வார்கள். ஆபீஸ் எங்கள் இல்லத்திலிருந்து பத்து நிமிட நடை.

"பகல் வேலைக்கா. ஞாயித்துக்கிழமை லீவாம். பாப்பா பெரிய மனுசி ஆயிட்டா. அவளத் தெனம் ராத்திரி பக்கத்து வூட்ல படுக்க வெச்சிட்டு வர்றன். அவங்க வூட்டு ஆம்பளைங்க பார்வையே சரியில்ல. இங்க இருக்கறப்ப எனக்கு உசுரே இருக்கறதில்லக்கா. நீ திங்கக்கெழம கரெக்டா ஏழு மணிக்கு வந்துடு. நான் இங்கயே குளிச்சிட்டு பொடவ மாத்திகினு போய்டுறன். மேடத்துக்கிட்ட இப்ப சொல்லிடாத."

"நல்லது, போ" என்றேன். வாய்தான் சொன்னது.

உள்ளே இரண்டு விஷயம் ஓடியது. ஒன்று பயம். இவள் போனால் பதினொரு கட்டிலும் என் தலையில். இரவும் பகலும் நானே. அது ஓரளவு மன்னிக்கக்கூடியது. இன்னொன்றை மன்னிக்க முடியாது. அந்த கேட் பாஸுக்காக நான் இரண்டு முறை அலைந்து, இரண்டு முறையும் கிடைக்காமல் திரும்பியிருக்கிறேன். பெர்மனென்ட் வீட்டுப் பெண், பிளாக்கில் பிறந்து கம்பெனி பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவள், எனக்குக் கிடைக்காதது களை எடுக்கிறவர்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்கப்போகிறது. இப்படித்தான் நினைத்தேன். எழுதும்போது அசிங்கமாக இருக்கிறது. நினைக்கும்போது நியாயமாக இருந்தது.

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினேன். தெருமுனையில் ஒரு டீக்கடை. நடத்துவது ஒரு பெண். அங்கே பெஞ்சில் உட்கார்ந்தால் இல்லத்தின் கேட் தெரியும். ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். ஏழு ஆயிற்று. பத்து நிமிடம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஏழரை ஆயிற்று. மடியில் இருந்த போன் அடித்தது. அவள்தான். சத்தத்தைக் குறைத்தேன். மறுபடி அடித்தது. எட்டு மணிக்குச் சமையல்கார அம்மா கேட்டைத் திறந்து உள்ளே போனதைப் பார்த்தேன். சரி, ஆள் வந்துவிட்டது, இனி இவள் கிளம்பிவிடுவாள், தடுக்க நான் யார் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எட்டரைக்கு அவள் கேட்டுக்கு வந்தாள். நீலப் புடவை கட்டி, ஈரத்தலையை வாரி, கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். நான் கடையின் தகரத் தட்டிக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் கேட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்தாள். போ, போய்த் தொலை என்று ஒரு நொடி உண்மையாகவே வேண்டினேன். அவள் நின்றாள். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

பத்து மணிக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது நான் உள்ளே போனேன். புடவைக் கொசுவத்தை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பெரியவரின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஃபைல் ஜன்னல் மேடையில் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, ஒடம்பு சரியில்லியா?"

"தலை சுத்தல். எழுந்திருக்கவே முடியல" என்றேன்.

"போன் எடுக்கலன்னதும் பயந்தே பூட்டன்." என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "சமையல்கார அக்கா கையில சாரு கைய குடுத்துப் பாத்தன். வாங்கல. நீங்க ரிலீவரு இல்லன்னுட்டாரு. கைய உதறிகினு போனா பின்னாலயே கத்தறாரு. எப்பிடிக்கா போறது?"

முன்னால் போனவர்கள் எல்லோரும் போகத்தான் செய்தார்கள். கை கொடுக்காமல், சொல்லாமல், சாப்பாட்டு டப்பாவை விட்டுவிட்டு. இவளுக்கு மட்டும் அது முடியவில்லை. ஒரு கிழவரைச் சமாதானப்படுத்த நாங்கள் விளையாட்டாக ஆரம்பித்த ஒன்றை இவள் நிஜமென்று எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் நிஜமென்று எடுத்துக்கொள்வாள் என்பது டீக்கடையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும்.

யார் சாப்பிட்டார்கள், யார் வெளிக்குப் போகவில்லை என்று வரிசையாகச் சொல்லி, பெரியவரின் கையை என் கையில் வைத்துவிட்டு ஓடினாள். சாயங்காலம் டூட்டிக்கு வந்தபோது நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். "ஒம்பதரைக்கே முடிஞ்சிடுச்சாம். பேரு எழுதி வெச்சிகினு அடுத்த தபா பாக்கலாம்னாரு. வுடுக்கா, ஒனக்கு ஒடம்பு முடியாதப்ப நான் என்னா பண்றது." பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் எடுத்தாள். சுக்கும் மல்லியும் இடித்து எனக்காகக் கொண்டுவந்திருந்தாள். தலைச் சுற்றலுக்கு நல்லதாம். அவள் எதிரிலேயே வெந்நீர் வைத்துக் குடித்தேன். தொண்டையில் இறங்கியதா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நான் தங்கமான மனுஷி ஆகிவிட்டேன். ஏழுக்குப் பத்து நிமிடம் முன்பே வந்து நிற்பேன். கையுறையில் என் பங்கையும் அவளுக்கு வைத்துவிட்டுப் போவேன். "சார், அக்கா இப்பல்லாம் ஷிப்ட் சங்கு ஊதறதுக்கு முன்னாடியே வந்துடறாங்க" என்று பெரியவரிடம் கேலி செய்வாள். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு காலையும் நினைத்தேன். சொன்னால் போய்விடுவாளே என்ற பயம் மறுபடி வந்து வாயைக் கட்டியது. மகளைப் பற்றிக் கேட்டால், "அப்பிடியேதாங்க்கா" என்பாள். நான் கேட்பதையும் நிறுத்திக்கொண்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் அவள் வந்தாள், பேசவில்லை. பஸ்ஸில் கூட்டமாக இருந்திருக்கும், அசதி என்று நினைத்துக்கொண்டேன். கைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் போனபோது எல்லாக் கட்டிலும் பளிச்சென்று இருந்தது. பதினொரு பேருக்கும் துடைத்து, விரிப்பு மாற்றி, நகம்கூட வெட்டிவிட்டிருந்தாள். கட்டில் கட்டிலாகக் கூட்டிக்கொண்டு போய் விவரம் சொன்னாள். பத்துக் கைகளை என் கையில் கொடுத்தாள். பெரியவரிடம் வந்தபோது அவர் கையை எடுத்தாள். எடுத்து விரிப்பின்மேல் வைத்தாள்.

"சாரு தூங்கறாரு" என்றாள். அவர் தூங்கவில்லை. கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எப்போதும் "வர்றங்க்கா, பாத்துக்க" என்பாள்.

அன்று சாயங்காலம் ஆறரைக்கு டீக்கடைக்காரம்மா வழக்கம்போல் பிளாஸ்கில் டீ கொண்டுவந்தாள். ஊற்றிக்கொண்டே, "ஒடம்பெல்லாம் தேவலையா?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நேத்து நைட்டு டூட்டி தங்கச்சி கடையாண்ட டீ குடிச்சிகினு இருந்தா. போன மாசம் ஒங்கக்கா காலையில வந்து மூணு மணி நேரம் இங்கயே உக்காந்துகினு இருந்தாங்களே, போன் அடிச்சிகினே கெடந்திச்சு, எடுக்கக்கூட இல்ல, ஒடம்புக்கு என்னான்னு அவளாண்ட கேட்டன். அவ டீய பாதியில வெச்சிட்டு வந்துட்டா." சொல்லிவிட்டு அவள் அடுத்த வீட்டுக்கு டீ கொடுக்கப் போனாள். நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறிப்போனதும் கொட்டினேன்.

ஏழு மணிக்கு அவள் வரவில்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மேடத்தைக் கூப்பிட்டேன். "ஐயோ, இன்னைக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா, நாளைக்கு யாரையாவது பாக்கிறேன்" என்றார். அந்த நாளை எப்போது வந்தது, வந்தவர்கள் எத்தனை நாள் இருந்தார்கள் என்பதையெல்லாம் எழுதுவதில் பயனில்லை. யாரும் நிற்கவில்லை. அவளும் கணவனும் மகளை அழைத்துக்கொண்டு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகப் பிற்பாடு யாரோ சொன்னார்கள். பாஸ் கிடைத்திருந்தால் அவள் தன் வீட்டில், தன் மகள் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருப்பாள். இதை நான் தினமும் ஒரு தடவையாவது நினைக்கிறேன். நினைத்து என்ன?

அன்று இரவு ஏழரை மணிக்குப் பெரியவரைப் புரட்ட வேண்டிய நேரம் வந்தது. புரட்டி, தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்தேன். அவர் என் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ரிலீவர் வந்தாச்சா?"

"வந்துகிட்டே இருக்காங்க சார்."

பிடி தளரவில்லை. மற்ற பத்துப் பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது கட்டில் அம்மா கையை நீட்டியபடியே இருந்தார். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. அவர் விரல்களை மெல்லப் பிரித்து, என் வலது கையிலிருந்து எடுத்து, என் இடது கையில் வைத்தேன்.

"சார், ரிலீவர் வந்தாச்சு."

அவர் அந்தக் கையை அழுத்திப் பார்த்தார். கட்டைவிரலால் என் விரல்களைத் தடவினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு என்னவோ அவருக்கு நினைவு தெளிவாக இருந்தது. பேனலில் பக்கத்து நாற்காலிக்காரனிடம் கேட்பது மாதிரி இயல்பாகக் கேட்டார்.

"டபுள் டூட்டியா?"

"ஆமா சார்."

"யாரு வரல?"

அவள் வரவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"நான்தான் சார்" என்றேன். "அன்னைக்கு நான்தான் வரல."

அவர் தலையாட்டினார். கையை விடவில்லை.